நாளை யாருக்கு வெட்டு உத்தரவு?

சேத்தியாத்தோப்பின் கரும்பு வண்டியும் விருத்தாசலத்தின் பீங்கான் சூளையும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. ஒரு நிறுவனத்தின் மென்பொருள் அதன் முடிவுகளிலிருந்து பிறக்க வேண்டும்.

அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் சேத்தியாத்தோப்பு வழியாகப் பேருந்தில் போகிறவர்கள் கரும்பு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போகப் பழகிக்கொள்ள வேண்டும். நெய்வேலிப் பக்கமிருந்து கும்பகோணம் போகும் சாலையும், விருத்தாசலத்தையும் சிதம்பரத்தையும் சேர்க்கும் சாலையும் சந்திக்கிற ஊர் இது. வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டு, சுற்றிலும் நெல்லும் கரும்பும், ஊரை ஒட்டி எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை. பக்கவாட்டில் சோகை தொங்க வரிசை கட்டி நகரும் டிராக்டர்களைப் பார்த்தாலே ஆலை ஓடுகிறதா நிற்கிறதா என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

வண்டியில் ஏற்றிய கரும்பு எல்லார் கண்ணிலும் படுகிறது. அந்தக் கரும்பை இன்றைக்கு வெட்டலாம் என்று சொன்ன தாள் யார் கண்ணிலும் படுவதில்லை. அதற்குப் பெயர் வெட்டு உத்தரவு. வயலில் 'கட்டிங் ஆர்டர்' என்பார்கள். ஒரு சர்க்கரை ஆலை பருவம் முழுவதும் நாள்தோறும் எடுக்கிற முடிவுகளில் இதைவிடப் பெரியது இல்லை.

ஏன் என்று பார்ப்போம். கரும்பு பத்து முதல் பன்னிரண்டு மாதப் பயிர். முன்பட்டம், நடுப்பட்டம், பின்பட்டம் என்று நட்ட காலம் வேறு, நடவுக் கரும்பா, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்த கட்டைக் கரும்பா என்பது வேறு, ரகம் வேறு. கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் தந்த கோ 86032 ரகம் தமிழ்நாட்டு வயல்களில் பரவலாக நிற்கிறது. எந்த ரகமானாலும் முற்றும் முன் வெட்டினால் சாற்றில் சர்க்கரை ஏறியிருக்காது. முற்றிய பிறகு நிறுத்திவைத்தால் பூ எடுக்கும், தக்கையாகும், எடை குறையும். வெட்டிய பிறகும் நிம்மதி கிடையாது. வெட்டிய கரும்புக்குள் சர்க்கரை உடைந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் மாறத் தொடங்கிவிடும். அதிலிருந்து படிகம் எடுக்க முடியாது. வெட்டி ஒரு நாளுக்குள் அரைத்துவிட வேண்டும் என்று ஆலைக்காரர்கள் பதறுவது இதனால்தான்.

கணக்காகச் சொன்னால் இன்னும் தெளிவாகும். நூறு டன் கரும்பில் எத்தனை டன் சர்க்கரை கிடைக்கிறது என்பதைச் சர்க்கரைக் கட்டுமானம் என்பார்கள். ஒரு லட்சம் டன் அரைக்கும் ஆலையில் இந்தக் கட்டுமானம் 0.1 சதவீதம் கூடினால் நூறு டன் சர்க்கரை கூடுதலாகக் கிடைக்கும். விவசாயியின் விலையும் இதில்தான் தொங்குகிறது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10.25 சதவீதக் கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் 3 ரூபாய் 46 காசு கூடும். குறைந்தால் அதே கணக்கில் குறையும். 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள ஆலைகளுக்கு 329 ரூபாய் 5 காசு. தமிழ்நாட்டின் பல ஆலைகள் இந்தக் கடைசிப் படியில்தான் நிற்கின்றன.

ஆக, நாளைக்கு எந்த வயலில் கத்தி இறங்க வேண்டும் என்ற ஒரு கேள்விக்குள் நட்ட தேதி, ரகம், முற்றல், வெட்டு ஆட்கள், வண்டி, தூரம், ஆலையின் கொள்ளளவு, மழை எல்லாம் அடங்கியிருக்கின்றன. இத்தனையையும் கரும்பு அலுவலர் ஒருவர் மனதில் வைத்து முடிவெடுக்கிறபோது நல்ல முடிவும் வரும். செல்வாக்குள்ளவர் வயல் முந்திக்கொள்ளும் முடிவும் வரும். எது எந்த வகை என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இப்படி ஒரு வெட்டு உத்தரவு இருக்கிறது. பீங்கான் பட்டறைக்கு அது இன்று சூளையில் எதை அடுக்குவது என்பது. ஜவுளிக் கடைக்குத் தீபாவளிக்கு எந்தச் சரக்கை எவ்வளவு எடுப்பது என்பது. தங்களுக்கென்று மென்பொருள் எழுதிக்கொள்வதும் ஆலோசகரை அழைப்பதும் இந்த ஒரு முடிவைச் செம்மையாக எடுப்பதற்காக இருந்தால் பயன் உண்டு. அதை மறந்துவிட்டுத் தொடங்கினால் செலவழித்த பணத்துக்குக் கணினித் திரை ஒன்றுதான் மிஞ்சும்.

நெல்லிக்குப்பத்தில் நடந்த முயற்சி

இதே கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிக்கும் கடலூருக்கும் இடையில் இருக்கிறது நெல்லிக்குப்பம். பாரி நிறுவனத்தின் சர்க்கரைத் தொழிலுக்கு அங்கே 1842 வரை நீளும் வரலாறு உண்டு. அந்த ஆலையைச் சுற்றியிருந்த கிராமங்களில் ஈ.ஐ.டி. பாரி 2001-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு முயற்சியைத் தொடங்கியது. இந்தியாக்ரிலைன் என்ற பெயரில் தமிழில் ஓர் இணையதளம். அதைப் பார்க்கக் கிராமங்களில் 'பாரிஸ் கார்னர்' என்ற கணினி நிலையங்கள். தொலைபேசிக் கம்பி சரியாக எட்டாத ஊர்களுக்கு, சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லா இணைப்பு கைகொடுத்தது.

கிராமங்களில் கைப்பேசி பரவாத காலம் அது. சாகுபடிக் குறிப்பும் சந்தை விலையும் தமிழில், ஊருக்குள்ளேயே கிடைத்தன. அன்று அதற்கு ஒரு கணினி, ஓர் அறை, ஒரு கம்பம், அதை நடத்த ஒரு ஆள் வேண்டியிருந்தது. இன்று சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி போதும்.

அந்த முயற்சியில் நான் மதிப்பது தொழில்நுட்பத்தைவிட அது பிடித்துக்கொண்ட திசையை. ஆலையின் தகவல் ஆலைக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது, விவசாயி வரை போக வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. வெட்டு உத்தரவின் வரிசை எந்த விதியின்படி போடப்படுகிறது என்று எழுதிவைத்து, தன் வயல் அந்த வரிசையில் எத்தனையாவது என்று விவசாயியே பார்க்க முடிந்தால் இரண்டு நன்மை. ஆலைக்கு முற்றிய கரும்பு கிடைக்கும். விவசாயிக்கு ஆலையின் மேல் நம்பிக்கை வரும். அடுத்த ஆண்டு கரும்பு நடலாமா, நெல்லுக்குப் போகலாமா என்று அவர் எடுக்கிற முடிவு அந்த நம்பிக்கையைப் பொறுத்தது. ஆலையிடம் பதிவு செய்யும் கரும்பு குறைந்து ஆலைகள் தவிக்கிற இந்தக் காலத்தில் அது சின்ன விஷயமே இல்லை.

தேநீர்க் கடைக்காரர்கள் கட்டிய கணினி

ஒரு நிறுவனம் தன் முடிவுகளுக்காகத் தானே கணினி நிரல் எழுதிக்கொண்ட முதல் கதை ஒரு தேநீர்க் கடையில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஜே. லயன்ஸ் நிறுவனம் ரொட்டி, கேக், தேயிலை விற்றது. நாடெங்கும் தேநீர்க் கடைகள் நடத்தியது. 1947-இல் அதன் அதிகாரிகள் இருவர், ரேமண்ட் தாம்சனும் ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டும், அமெரிக்கா போய் மின்னணுக் கணினிகளைப் பார்த்தார்கள். போர்க் கணக்குக்கும் அறிவியல் கணக்குக்கும் பயன்பட்ட அந்த இயந்திரத்தை அலுவலக வேலைக்குக் கொண்டுவரலாம் என்று தோன்றியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் கட்டிக்கொண்டிருந்த எட்சாக் கணினிக்கு லயன்ஸ் 3,000 பவுண்டு கொடுத்தது. பிறகு அதையொட்டித் தனக்கென்று லியோ என்ற கணினியைக் கட்டியது. 1951 நவம்பரில் லியோ செய்த முதல் அலுவலகக் கணக்கு, ரொட்டிக்கூடத்தின் உற்பத்தி மதிப்பு.

அதற்குப் பின்னால் வந்த ஒரு வேலைதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். கடைகளுக்கு நாளைக்கு என்ன அனுப்புவது? ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான தேவை ஒன்று உண்டு. அது கணினியிடம் இருந்தது. கடை மேலாளர் அதில் மாற்றம் வேண்டுமானால் மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். மழை வந்தால் குறைப்பார், திருவிழா வந்தால் கூட்டுவார். தினமும் எது மாறுகிறது, எது மாறுவதில்லை என்று அலுவலக நடைமுறையைப் பிரித்துப் பார்த்த டேவிட் கேமினர் போன்றவர்களின் வேலை அது. மாறாததை இயந்திரத்திடம் விட்டார்கள். மாறுவதைக் கடையில் நிற்கிற மனிதரிடம் கேட்டார்கள்.

எழுபது ஆண்டு கடந்தும் இதைவிட நல்ல வழி ஒன்றை நான் கண்டதில்லை. கரும்பின் வயதையும் ரகத்தையும் தூரத்தையும் கணினி வைத்துக்கொள்ளட்டும். 'அந்த வயலில் நேற்றிலிருந்து தண்ணீர் நிற்கிறது, வண்டி இறங்காது' என்பதைக் களத்தில் இருப்பவர் சொல்லட்டும். இந்த இரண்டும் சேர்கிற இடத்தில்தான் நல்ல முடிவு பிறக்கிறது.

சூளைக்குள் இருக்கும் கணக்கு

சேத்தியாத்தோப்பிலிருந்து மேற்கே போனால் விருத்தாசலம். நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் களிமண்ணை நம்பி வளர்ந்த பீங்கான் தொழில் அங்கே இருக்கிறது. செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்லூரி, சிறு சிறு பட்டறைகள். அகல் விளக்கு, பொம்மை, மின் இணைப்புகளுக்கான பீங்கான் பொருள்கள் என்று பலவும் சூளையிலிருந்து இறங்குகின்றன.

ஒரு பட்டறையைக் கணக்குக்காக எண்ணிப் பார்ப்போம். கார்த்திகைத் தீபத்துக்கு ஒரு வியாபாரி 10,000 அகல் விளக்கு கேட்கிறார். ஒன்றுக்கு 6 ரூபாய் 50 காசு தருகிறேன் என்கிறார். மண், பூச்சு, கூலி, எரிவாயு எல்லாம் சேர்த்து ஒரு விளக்குக்கு 6 ரூபாய் ஆகிறது. ஐம்பது காசு லாபம் என்று உரிமையாளர் தலையாட்டிவிடுகிறார்.

ஆனால் சூளைக்குள் போன ஆயிரத்தில் 120 விளக்கு விரிசலும் வளைவுமாக வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,000 ரூபாய் செலவுக்குக் கையில் வருவது 880 விளக்கு. அப்படியானால் ஒன்றின் அடக்கவிலை 6 ரூபாய் 82 காசு. பத்தாயிரம் விளக்கு விற்று முடிக்கும்போது ஏறத்தாழ 3,180 ரூபாய் நட்டம். இரவு பகலாக உழைத்து, ஆர்டரும் முடித்து, பணமும் வந்து, கடைசியில் கையில் ஏன் ஒன்றும் நிற்கவில்லை என்று புரியாமல் தவிக்கிற சிறு தொழில்காரர்களின் துயரம் பல நேரம் இப்படி ஒரு கண்ணுக்குத் தெரியாத எண்ணில் இருக்கிறது.

அந்த உடைசலை ஆயிரத்துக்கு ஐம்பதாகக் குறைத்தால் அடக்கவிலை 6 ரூபாய் 32 காசுக்கு இறங்கும். அதே ஆர்டர் லாபமாகும். குறைப்பது எப்படி? எங்கே உடைகிறது என்று தெரிந்தால்தானே! களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். கார்த்திகைக்கு முந்திய மாதங்கள் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆர்டர் அதிகம், காய்ச்சல் குறைவு. சரியாகக் காயாததை அவசரத்தில் சூளையில் ஏற்றினால் விரிசல் நிச்சயம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு பல முறை வார்த்துத் தேய்ந்துபோனாலும் பொருள் கெடும். சூளையின் எந்தத் தட்டில் அடுக்கினோம் என்பதும் உண்டு.

இந்த மூன்றையும், அதாவது காய்ந்த நாள், அச்சு எண், தட்டு எண், ஒவ்வொரு சூளை இறங்கும்போதும் கைப்பேசியில் பதிந்தால் ஒரு பருவத்துக்குள் பட்டறை தன் நோயைத் தானே கண்டுபிடித்துவிடும். கடையில் வாங்குகிற கணக்கு மென்பொருளில் இதற்கு இடமிருக்காது. 1986-இல் பெங்களூரில் கோயங்கா குடும்பத்தார் தொடங்கிய டாலி மென்பொருள் இந்தியச் சிறு தொழில்களுக்குச் செய்த உதவி பெரிது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு சின்னக் கடைகளுக்கும் கணினி வந்துவிட்டது. ஆனால் அவை நடந்து முடிந்ததை எழுதுகிற கணக்கு. தட்டு எண்ணும் அச்சு எண்ணும் அந்தப் பட்டறைக்கு மட்டுமே உரிய கேள்விகள். தனக்கென்று மென்பொருள் வேண்டும் என்ற தேவை இங்கேதான் தொடங்குகிறது.

கேட்கத் தெரிந்தவர்

ஆலோசகர் என்றவுடன் கோட்டு போட்டு வந்து நமக்குத் தெரிந்ததையே நமக்குத் திருப்பிச் சொல்லிக் காசு வாங்கிப் போகிறவர் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. நல்ல ஆலோசகர் வேறு மாதிரி. அவர் முதலில் கேட்பார், பிறகு போய்ப் பார்ப்பார், கடைசியில்தான் சொல்வார்.

தமிழ்நாட்டில் இதற்குப் பெருமையான எடுத்துக்காட்டு உண்டு. லியோ ஓடத் தொடங்கிய அதே 1951-இல் ஜப்பானில் டெமிங் பரிசு நிறுவப்பட்டது. ஊகத்தை விட்டு எண்களைப் பார்த்து உற்பத்தியைச் சீர்செய்யக் கற்றுத்தந்த எட்வர்ட்ஸ் டெமிங் பெயரில் தருகிற பரிசு அது. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-இல் அதைப் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். டி.வி.எஸ். மோட்டார் 2002-இல் பெற்றது. ஜப்பானியப் பேராசிரியர்கள் வந்து ஆலோசனை சொன்னார்கள். மாற்றத்தைச் செய்தவர்கள் இயந்திரத்தின் முன் நின்ற நம் தொழிலாளர்கள். தவறு நடந்தால் ஆளைத் தேடாமல் காரணத்தைத் தேடும் பழக்கம் வந்தது.

மென்பொருள் எழுதவும் இங்கேயே ஆள் உண்டு. ராஜபாளையம் ராம்கோ குழுமத்துக்குள் 1992-இல் ஓர் ஆய்வுப் பிரிவாகத் தொடங்கியது, நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதும் ராம்கோ சிஸ்டம்ஸ் ஆயிற்று. தென்காசி அருகே மத்தளம்பாறையிலிருந்தும் ஸோஹோ உலகத்துக்கு மென்பொருள் விற்கிறது. நிரல் எழுதத் தெரியாதவரும் தன் தொழிலுக்கான படிவங்களை அமைத்துக்கொள்ளும் கருவிகளை அது தருகிறது. மென்பொருள் என்றால் பெருநகரத்துச் சமாசாரம் என்ற காலம் போய்விட்டது. சேத்தியாத்தோப்புக்கு வேண்டியதைச் சிதம்பரத்திலோ விருத்தாசலத்திலோ படித்த ஒரு பிள்ளையே எழுதித் தர முடியும். வயலையும் சூளையையும் பார்த்து வளர்ந்தவர் என்பதால் நன்றாகவே எழுதுவார்.

அவசரத்தின் விலை

எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் பெரிய இனிப்பு நிறுவனமான ஹெர்ஷே 11 கோடி 20 லட்சம் டாலர் செலவில் ஒரு புதிய மென்பொருள் அமைப்பைக் கட்டியது. நான்கு ஆண்டு ஆகும் என்ற வேலையை இரண்டரை ஆண்டுக்குள் முடிக்க நெருக்கினார்கள். 1999 ஜூலையில், ஹாலோவீன் பண்டிகை ஆர்டர்கள் குவிகிற நேரத்தில், எல்லாப் பகுதிகளையும் ஒன்றாக இயக்கினார்கள். கிடங்கில் மிட்டாய் இருந்தது. கடைக்கு அனுப்ப முடியவில்லை. 10 கோடி டாலர் ஆர்டர் கைநழுவியது.

நமக்கு இதன் பாடம் எளிது. அரவைப் பருவத்தின் நடுவில் புதிய வெட்டு உத்தரவு முறையைத் தொடங்காதீர்கள். கார்த்திகைக்கு முந்திய மாதம் பட்டறையின் கணக்கை மாற்றாதீர்கள். ஒரே ஒரு கரும்புக் கோட்டத்தில், ஒரே ஒரு சூளையில் தொடங்குங்கள். பழைய நோட்டும் புதிய திரையும் ஒரு பருவம் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். இரண்டும் ஒத்துப்போகும் வரை நோட்டை மூடாதீர்கள்.

இன்னொன்று, பொய்யான எண். அளக்காமல் அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்பிய, கரும்புச் சாற்றின் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவு மென்பொருளுக்குள் போனால் மென்பொருள் அழகான வரைபடம் போட்டு அதே பொய்யை நம்ப வைக்கும். அளப்பவருக்கு எதற்கு அளக்கிறோம் என்று தெரிய வேண்டும். உண்மையைப் பதிந்ததற்காக அவர் திட்டு வாங்கக் கூடாது. உடைசல் அதிகம் என்று எழுதிய தொழிலாளியின் கூலியில் கைவைத்த பட்டறையில் மறுநாளிலிருந்து உடைசலே இருக்காது, ஏட்டில்.

எங்கே தொடங்குவது?

மென்பொருள்காரரை அழைக்கும் முன் உரிமையாளர் செய்ய வேண்டியது, தாம் அடிக்கடி எடுக்கிற முடிவுகளை எழுதிப் பார்ப்பது. எந்த ஆர்டரை ஏற்பது, எந்த விலைக்கு, யாருக்குக் கடன் தருவது? ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை எடுக்க என்ன தெரிந்திருக்க வேண்டும், அது இப்போது யாருக்குத் தெரியும் என்று குறியுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், சிறு தொழிலிடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. எந்த வாடிக்கையாளர் எத்தனை நாளில் தருகிறார் என்று உடனே சொல்லக்கூடிய பட்டறை எத்தனை இருக்கும்? பதில் உங்கள் ஜிஎஸ்டி பில்களுக்குள்ளேயே கிடக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஆலோசகர் செலவுக்கு அரசு உதவி உண்டு. மத்திய அரசு 2023-இல் புதுப்பித்த லீன் திட்டத்தில், விரயத்தைக் குறைக்க வழிகாட்டும் ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். தொழிற்பேட்டையில் பத்துப் பட்டறைகள் சேர்ந்து போனால் ஒருவர் கண்டது மற்றவருக்கும் உதவும்.

ஒப்பந்தம் எழுதும்போது மூன்று வரி விடாமல் சேருங்கள். தகவல் நிறுவனத்துக்குச் சொந்தம். கேட்டபோது முழுவதையும் வேறொரு கோப்பாகத் தர வேண்டும். எழுதிய நிரலின் பிரதி நம் கையில் இருக்க வேண்டும். எழுதித் தந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் தொழில் நின்றுவிடக் கூடாது. விவசாயியின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ளே இருக்கும் என்றால் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். திரையில் வரும் சொற்கள் தமிழில், அதுவும் களத்தில் புழங்கும் தமிழில் இருக்கட்டும். 'கட்டைக் கரும்பு' என்று கேட்டால் பதில் சொல்பவர், அதற்கு ஆங்கிலப் பெயர் போட்ட பெட்டியைக் காலியாக விட்டுவிடுவார்.

எழுதிப் பார்க்கிற அந்த முடிவுப் பட்டியலின் ஓரத்தில் இன்னும் ஒரு கட்டம் போடச் சொல்வேன். இந்த முடிவு யாரைப் பாதிக்கிறது, அவருக்கு இது தெரியுமா? வெட்டு உத்தரவுக்கு எதிரே அந்தக் கட்டத்தில் வருவது ஒரு விவசாயியின் பெயர். பன்னிரண்டு மாதம் தண்ணீர் கட்டி, சோகை உரித்து, கடன் வாங்கி உரம் போட்டுவிட்டு, தன் வயலுக்கு எப்போது ஆள் வரும் என்று வரப்பில் நின்று பார்க்கிறவர் அவர். உங்கள் முறை அடுத்த வியாழக்கிழமை, காரணம் இது, என்று அவர் கைப்பேசிக்கு ஒரு வரி போய்ச் சேருமானால், அந்த மென்பொருளுக்குச் செலவழித்த பணம் வீணாகவில்லை என்று ஆலை தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.